கோடு நேராகத்தான் இருந்தது

12 மார்ச் 2007, திங்கள்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் அந்த ஹோஸைக் கையில் கொடுத்தார்கள். முழு நீளத்தையும் டேப் பிடித்து அளந்து, அழகாக எழுதிக்கொண்டு வந்தேன். பிய்ந்த முனையிலிருந்து சிவப்புக் கோடு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை மட்டும் அளக்கவில்லை. நீளம் யாருக்கு வேண்டும்? வழக்கே அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. நாளை மறுபடியும் ஏட்டு முன்னால் போய் நிற்க வேண்டும்.

இதைத் தேவிப்பிரியா பிரெஞ்சில் எழுதியிருக்க வேண்டும். தினம் நாலு வரி நாட்குறிப்பு எழுதினால் மொழி தானாக வரும் என்று மாலை வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். வினைச்சொற்கள் காலை வாரியதால், முதலில் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டாள். மாற்ற வேண்டியவை ஒரு நோட்டு அளவுக்குச் சேர்ந்துவிட்டன.

நெல்லித்தோப்பில் சைக்கிள் கடை மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் அலுவலகம். நடத்துகிறவர் தேவதாஸ், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. பென்ஷன் வேலையாகப் பிரான்சுக்கு விமானம் ஏறும்போது, இனி வரும் கேஸ்களை நீயே பார்த்துக்கொள் என்று தேவிப்பிரியாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையை விசாரிக்கிற கேஸ்தான் வரும் என்று இருவருமே நினைத்தார்கள். வந்தது ஒரு சாவு.

செவ்வாய்க்கிழமை காலை இருசப்பனின் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அலுவலகத்தின் வாகனப் பிரிவு, உளவுப் பிரிவு, டீ வாங்கும் பிரிவு மூன்றுக்கும் தானே தலைவர் என்று சொல்லிக்கொள்வார். வயது ஐம்பதை நெருங்குகிறது. வாய்க்கு மட்டும் வயதே ஆகவில்லை.

"ஒரு கோட்ட அளக்க ரெண்டு தரம் ஸ்டேஷனுக்குப் போற ஆளு நீ ஒருத்திதான் பாப்பா. திருடன்கூட ஒரு தரத்தோட திருந்திடறான்."

"நேரா ஸ்டேஷனுக்கு வேணாம் இருசப்பண்ணே. மொதல்ல முத்தியால்பேட்டை. இந்தத் தரம் எதை அளக்கணும்னு தெரிஞ்சிக்கினு போலாம்."

கேஸ் இதுதான். போன வாரம் திங்கட்கிழமை காலை, காலாப்பட்டு அருகே ஒரு லாரி கொட்டகையில், தூக்கி நிறுத்திய டிப்பர் தொட்டிக்கு அடியில் நுழைந்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார் டிரைவர் முத்துவேல். தொட்டியைத் தாங்கி நிற்பது ஜாக்கிக்குள் இருக்கும் எண்ணெய் அழுத்தம். அந்த எண்ணெயைக் கொண்டுபோகும் ஹைட்ராலிக் ஹோஸ் முனையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. தொட்டி இறங்கிவிட்டது. முத்துவேலை வெளியே எடுக்கக் கிரேன் வர வேண்டியிருந்தது.

ஹோஸின் முனையில் சிவப்புக் கோடு இருந்தது. சிவப்புக் கோடு போட்டு ஹோஸ் செய்து கொடுப்பது புதுச்சேரியிலேயே ஒரு கடைதான். முத்தியால்பேட்டை ஹரிகிருஷ்ணன் கடை. முனையில் மாட்டும் இரும்பு கேப்புக்குள் ஹோஸ் பாதிதான் போயிருக்கிறது, இது கவனக்குறைவு என்று நிபுணர் எழுதிக் கொடுத்தார். மறுநாளே ஹரிகிருஷ்ணன் ரிமாண்டில் காலாப்பட்டு ஜெயிலுக்குப் போனார். அந்த ஹோஸை நான் செய்யவே இல்லை என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கேஸைக் கொண்டுவந்தது அவர் மனைவி. ஜாமீன் மனு வியாழக்கிழமை வருகிறது.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதன் மேல் ஒரு கைப்பிடி மண் வீசி அடித்த தடம், கழுவியும் முழுதாகப் போகாமல் நின்றது. ஹரிகிருஷ்ணனின் மனைவி நிர்மலா தேவிப்பிரியாவின் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். செத்தவரின் சம்சாரம் வந்து தெருவே பார்க்க மண்ணை வாரித் தூற்றி, உன் குடியும் இப்படிப் போகட்டும் என்று சாபம் விட்டுப் போனதாகச் சொன்னாள். அவள்மேல் தனக்குக் கோபம் வரவில்லை என்றும், ராத்திரி தூக்கம்தான் வரவில்லை என்றும் சொன்னாள்.

தேவிப்பிரியா கேட்டது ஒன்றே ஒன்று. கோடு எப்படிப் போடுகிறீர்கள்?

நிர்மலா ஒரு துண்டு ஹோஸ் எடுத்தாள். கட்டை விரல் பருமன் கறுப்பு ரப்பர், உள்ளே கம்பிப் பின்னல். அதன் துளைக்குள் போகிற இரும்பு நிப்பிளைக் காட்டினாள். ஹோஸின் மேலே தொப்பி மாதிரி மாட்டுகிற கேப்பைக் காட்டினாள். மெஷினின் எட்டு அச்சுகள் நாலாப்புறமும் இருந்து அந்தக் கேப்பை நெருக்கும்போது, கேப்பின் உட்பற்கள் ரப்பரைக் கடித்துக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் நெருக்கினால் நிப்பிள் நசுங்கி எண்ணெய் போகாது. குறைவாக நெருக்கினால் பிடிப்பு இருக்காது. ஹோஸுக்கு ஹோஸ் அளவு மாறும்; அதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி என்றாள்.

"இவ்ளோ சரியா பண்ணாலும், ஹோஸு உள்ள முழுசா போச்சான்னு வெளியிலேர்ந்து தெரியாது. கேப்பு மூடிக்குதில்ல. பாதி போயிருந்தா பாதிப் பல்லுதான் கடிக்கும். ரெண்டு நாளு தாங்கும். அப்புறம் ஒரு நாளு விட்டுடும். அதுக்குத்தான் கோடு."

அவள் கேப்பை ஹோஸின் பக்கத்தில் படுக்க வைத்தாள். ஹோஸ் முனையிலிருந்து கேப்பின் ஆழம் எங்கே முடிகிறதோ அங்கே, சின்னக் குப்பியில் இருந்து நகப்பூச்சு தொட்டு ஒரு சுற்றுக் கோடு போட்டாள். சாக்பீஸ் எண்ணெயில் அழிந்துவிடும், இது அழியாது. பிறகு நிப்பிளில் எண்ணெய் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு ஹோஸை உள்ளே திருகினாள். கோடு கேப்பின் உதட்டை வந்து தொட்டதும் நிறுத்தினாள்.

"கோடு உதட்டத் தொட்டாத்தான் மெஷினுக்குப் போவும். தள்ளி நின்னா திரும்ப ஏத்தணும். என்னோடது அந்தக் கோடு. மெஷின் அவரோடது."

"அப்படின்னா, தப்பா ஏத்துன ஹோஸ்ல கோடு எங்க இருக்கும்?"

"தள்ளி நிக்கும். தெரிஞ்சிடும்ல."

தேவிப்பிரியாவுக்கு ஒரு யோசனை வந்தது. உடனே தன்மேல் சந்தேகமும் வந்தது. ஒரு கேப், ஒரு நிப்பிள், ஒரு துண்டு ஹோஸ், நகப்பூச்சுக் குப்பி நான்கையும் பையில் போட்டுக்கொண்டாள். கிளம்பும்போது நிர்மலா மறுபடியும் சொன்னாள். விபத்துக்கு முந்தின சனிக்கிழமை மாசி மகம், கடை மூடித்தான் இருந்தது. சாமிகளெல்லாம் வைத்திக்குப்பம் கரைக்குப் போகும்போது தேங்காய்க் கூடையை எடுக்க ஒரு நிமிஷம் ஷட்டரைத் தூக்கினாள். எதிர்க்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, கடை திறந்திருந்தது என்று போலீசிடம் சொல்லிவிட்டார்.

ஸ்டேஷனில் ஏட்டு அவர்களைப் பார்த்ததும் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். நேற்று ஹரிகிருஷ்ணனின் வக்கீல் வாங்கித் தந்த அனுமதி இன்றும் செல்லுமா என்பதைப் பற்றி நீண்ட நேரம் யோசித்தார். மேடம் நேற்று அளந்ததில் ஹோஸ் கொஞ்சம் குட்டையாகிவிட்டதாகச் சந்தேகப்படுகிறார் என்று இருசப்பன் பவ்யமாக விளக்கினார். ஏட்டு சிரித்துவிட்டார். சிரித்தவர் எடுத்துக் கொடுத்தார்.

முனையில் கேப்பின் பற்கள் கடித்த தடம் வரிவரியாக இருந்தது. தடம் முடிகிற இடத்திலேயே, ஒட்டினாற்போல, சிவப்புக் கோடு. பார்க்க லட்சணமாக, அசங்காமல், வட்டமாக ஓடியது. தேவிப்பிரியா பையில் இருந்த புதுக் கேப்பை எடுத்து ஹோஸ் முனையோடு சேர்த்துப் படுக்க வைத்தாள்.

கோடு கேப்பின் பாதியில் நின்றது.

"என்ன பாப்பா?"

"நிர்மலாக்கா கேப்பை வெச்சி அளந்துதான் கோடு போடுவாங்க. ஏத்துறதுக்கு முன்னாடியே. அந்தக் கோடு பாதியில வரவே முடியாது. இந்த ஹோஸு பாதிதான் உள்ள போயிருக்கு. அப்ப கோடு கேப்பை விட்டு நல்லா தள்ளி நின்னிருக்கணும். தொட்டுக்கினு இருக்கு."

இருசப்பன் தலையைச் சொறிந்தார். "கோடு தப்பான எடத்துல இருந்தா கடைக்காரன் போட்டது. சரியான எடத்துல இருக்கறதால அவன் போடல. இத ஜட்ஜு கிட்ட நீயே சொல்லு, நான் ஆட்டோவுல இருக்கேன்."

ஏட்டு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஹோஸைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டே, அவசரத்தில் கடைக்காரரே பாதி ஏற்றி, நெருக்கிவிட்டு, பிறகு கண் துடைப்புக்குக் கோடு போட்டிருக்கலாமே என்றார்.

 ஏட்டு சொன்னது சரி. கோடு பின்னால் போடப்பட்டது என்பதுதான் நிரூபணம் ஆனது. யார் போட்டார்கள் என்று ஆகவில்லை. ஆட்டோவில் ஏறும்போது, தேவதாஸ் சார் இருந்திருந்தால் இதை நேற்றே யோசித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயில் ஏறியிருந்தது. லாரி முதலாளி கமலக்கண்ணனின் கொட்டகையில் அந்த டிப்பர் தொட்டி இறங்கிய நிலையில் ஓரமாக நின்றது. யாரோ சக்கரத்தடியில் சாமந்திப் பூ வைத்திருந்தார்கள், வாடிக் கிடந்தது. கமலக்கண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்தார். கேட்பதற்கு முன்பே, தொட்டிக்குக் கொடுக்கிற முட்டு இருந்தது, முத்துவேல்தான் வைக்காமல் உள்ளே நுழைந்தான் என்றார். கை காட்டிய இடத்தில் ஒரு கனத்த மரக்கட்டை சாய்ந்து நின்றது.

"கட்ட, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி பளபளன்னு இருக்கு" என்று இருசப்பன் முணுமுணுத்தார். தேவிப்பிரியாவின் மனது கோட்டிலேயே இருந்தது. காதில் விழுந்ததை அவள் மனதில் வாங்கவில்லை.

ஹோஸை யார் வாங்கி வந்தது என்று கேட்டாள். சனிக்கிழமை பழைய ஹோஸ் கசிந்ததாகவும், ஞாயிறு விடியற்காலை லோடு இருந்ததாகவும், ஹரிகிருஷ்ணன் கடையில் புதிது போட்டு வரச் சொல்லி முத்துவேலை அனுப்பியதாகவும் கமலக்கண்ணன் சொன்னார். போன வருஷம் வேறு எங்கோ போட்ட ஹோஸ் நடுரோட்டில் விட்டுவிட்டது. அன்றிலிருந்து சிவப்புக் கோடு இல்லாத ஹோஸைத் தன் வண்டியில் மாட்டினால் மாட்டினவன் வேலையில் இருக்க மாட்டான் என்று சட்டம் போட்டிருந்தார். மாட்டுவதற்கு முன் தானே நேரில் பார்ப்பார்.

"அந்த ஹோஸயும் பாத்தீங்களா?"

"பாத்தனே. கோடு இருந்துது. பளிச்சுன்னு."

தேவிப்பிரியா பையைத் திறந்து ஹோஸ், நிப்பிள், கேப், நகப்பூச்சு நான்கையும் லாரி படிக்கட்டில் வைத்தாள். நீங்களே மாட்டிக் கோடு போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டாள். அவர் விளையாட்டாக நினைத்துக்கொண்டார். நிப்பிளோடு கேப்பை ஹோஸில் செருகி, கை வலித்த இடத்தில் நிறுத்தி, கேப்பின் உதட்டை ஒட்டிச் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். கடைக்காரர் கையெழுத்து மாதிரி, அவ்வளவுதானே என்றார்.

அவருக்கும் தெரியவில்லை. அது அளவு என்று தெரியாமல் முத்திரை என்று நினைத்திருக்கிறார்.

"நானே போட்டிருப்பேன்னு நெனைக்கிறீங்களாம்மா?" என்று அவர் சட்டென்று முகம் மாறிக் கேட்டார். "நான் போட்டு நானே பாத்து ஏமாறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?"

அவள் கமலக்கண்ணனைச் சந்தேகப்பட்டுத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். அந்த ஒரு கேள்வியில் அது உடைந்தது. ஆட்டோவுக்குத் திரும்பி நடந்தாள்.

"யாரு கண்ணுக்காக போட்டது அந்தக் கோடு?" என்றாள் கடைசியில். "போலீசுக்காகவா? அது மாட்டும்போதே இருந்துச்சின்னு இவரே சொல்றாரு. அந்தக் கோட்டத் தேடிப் பாக்கற ஆளு ஒலகத்திலயே இவர் ஒருத்தருதான் இருசப்பண்ணே. இவர ஏமாத்தத்தான் போட்டிருக்கு. இவருக்கு பயந்த ஆளு போட்டது."

இருசப்பன் ஆட்டோவை உதைத்துக் கிளப்பவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார். 

"கடை மூடிக் கிடந்துது" என்று அவள் தொடர்ந்தாள். "விடிஞ்சா லோடு. கோடு இல்லாம போனா வேலை போயிடும்."

"பாப்பா. அந்த பொண்ணுகிட்ட போயி இதக் கேக்கப் போறியா?"

"வேற யாருகிட்ட கேக்கறது?"

முத்துவேலின் மனைவி அஞ்சலாட்சியின் வீடு சாலைக்கு உள்ளே, சவுக்குத் தோப்பு தாண்டி இருந்தது. வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. காரியம் முடிய நாள் இருந்தது. அவள் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்காமலே உட்காரச் சொன்னாள். வருகிறவர்கள் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவது பழகிவிட்டது போல. இருசப்பன் பந்தல் காலருகே நின்றுகொண்டார்.

தேவிப்பிரியா முதலில் பார்த்தது அவள் கால் விரல்களை. நகங்களில் சிவப்புப் பூச்சு, அடியில் வளர்ந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக.

எப்படி ஆரம்பிப்பது என்று ஆட்டோவில் மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் உதவவில்லை. மாசி மகத்துக்குப் போட்டதா என்று கேட்டாள்.

ஆமாம் என்றாள் அஞ்சலாட்சி. சாயந்தரம் கடலுக்குப் போய்ச் சாமி பார்க்கலாம் என்று முத்துவேல் சொல்லியிருந்தார். அவள் தலை சீவி, நகத்துக்குப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவர் இருட்டின பிறகுதான் வந்தார், கையில் ஒரு கறுப்பு டியூப்போடு. முத்தியால்பேட்டையில் கடை மூடியிருந்ததாம். குவாரிப் பட்டறையில் மெஷின் இருக்கிறது, ஆள் இல்லாத நேரம் தானே போட்டுக்கொண்டேன் என்றாராம். திங்கட்கிழமை நல்லதாக ஒன்று வாங்கி மாற்றிவிடலாம், நாளைக்கு ஒரு நாள் ஓடினால் போதும் என்றாராம்.

"ஒரு கோடு போட்டுக் குடு, உனக்குத்தான் கை நடுங்காதுன்னாரு. நான்தான் போட்டேன். டியூப்ப அவரு சுத்திக்கினே வந்தாரு, நான் பிரஷ்ஷ அசைக்காம புடிச்சிக்கினேன். சிரிச்சிக்கினே போட்டோம்." அவள் நிறுத்தினாள். "எதுக்குக் கேக்கற?"

 அஞ்சலாட்சி அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு பந்தல் காலருகே தரையைப் பார்த்து நின்ற இருசப்பனைப் பார்த்தாள். நீட்டியிருந்த கால்களை மெல்ல இழுத்துப் புடவைக்குள் மறைத்தாள்.

"அந்த டியூப்பா?"

"ஆமாங்க்கா."

"அது வேற, கடையில போட்டது வேறன்னு நெனச்சேன். அப்படித்தான சொன்னாங்க." பிறகு மிகச் சின்னக் குரலில் கேட்டாள். "நான் கோணலா போட்டுட்டனா?"

"இல்லக்கா. கோடு நேராத்தான் இருந்துது. தப்பு கோட்டுல இல்ல. உள்ள ஹோஸு முழுசா போகல. அது வெளியில தெரியாது, யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரிஞ்சிருக்காது."

இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆறுதல் என்று தேவிப்பிரியாவுக்கே சரியாகத் தெரியவில்லை. அஞ்சலாட்சி அழவில்லை. அழுது முடித்திருந்தவளுக்குப் புதிதாக அழ வேண்டியது என்னவென்று தெரியாத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. அவள் திரும்பவில்லை.

"அந்தக் கடைக்காரரு இன்னும் ஜெயில்லதான் இருக்காரா?"

"ஆமா."

"நான் அந்தம்மா கடை மேல மண்ண வாரி எறைச்சிட்டு வந்தேன்."

"அவங்க சொன்னாங்க. உங்க மேல கோவம் இல்லன்னாங்க."

அதுதான் அவளை உடைத்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.  தேவிப்பிரியா சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. இதைக் கோர்ட்டில் வந்து சொன்னால் ஹரிகிருஷ்ணன் வெளியே வருவார். ஆனால் கமலக்கண்ணன் அதையே பிடித்துக்கொள்வார். ஹோஸைத் தானே போட்டான், முட்டும் வைக்கவில்லை, செத்தது அவன் தப்பு, நான் எதற்கு நஷ்டஈடு தர வேண்டும் என்பார். இரண்டையும் ஒளிக்காமல் சொன்னாள். வக்கீலைக் கேட்ட பிறகு முடிவு செய்தால் போதும் என்றாள்.

அஞ்சலாட்சி கண்ணைத் துடைத்தாள். "முட்டா? அங்க ஏது முட்டு? ரெண்டு வருஷமா கேட்டுக்கினு இருந்தாரு, ஒரு கட்ட வாங்கிப் போடுங்கன்னு. காலி டிரம்ம அடியில வெச்சிட்டுத்தான் கிரீஸு அடிப்பாரு. அந்த டிரம்மையும் போன மாசம் காயலான் கடைக்குப் போட்டுட்டாங்க."

பந்தல் காலருகே இருசப்பன் தலை நிமிர்ந்தது. பளபளவென்று சாய்ந்து நின்ற அந்தக் கட்டை அப்போதுதான் தேவிப்பிரியாவின் கண் முன்னால் வந்தது. அதில் ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. இரும்புத் தொட்டி அழுத்திய ஒரு வடு இல்லை.

இருவரும் கிளம்ப எழுந்தார்கள். வாசல் தாண்டும்போது அஞ்சலாட்சி பின்னால் இருந்து கேட்டாள்.

"வியாழக்கெழம கோர்ட்டுக்கு எந்த பஸ்ஸு ஏறணும்?"

இருசப்பன் திரும்பினார். "பஸ்ஸெல்லாம் வேணாம்மா" என்றார். "நான் வரேன்." அன்று முழுவதும் அவர் பேசியதில் கேலி கலக்காதது அது ஒன்றுதான்.

13 மார்ச் 2007, செவ்வாய்.

மாலை வகுப்புக்குப் போகவில்லை. நிர்மலாக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கடை மூடாமல் இருந்திருந்தால் முத்துவேல் செத்திருக்க மாட்டார் இல்லையா என்று கேட்டார்.  இன்று செய்த தவறு: கட்டையைக் காலையிலேயே பார்த்தேன், கவனிக்கவில்லை. இருசப்பண்ணன் கவனித்தார்.

நாளை: காலாப்பட்டு சாலையில் உள்ள மரக்கடைகளில், கமலக்கண்ணன் அந்த முட்டுக்கட்டையை எந்தக் கடையில், என்றைக்கு வாங்கினார் என்று விசாரிக்க வேண்டும்.